கப்பல்காரியின் தங்கை

முகத்தைத் திருத்துவதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஸ்டூடியோவின் பின்னறையில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பூதக்கண்ணாடி, மயிரிழை போல மூன்று தூரிகைகள். கல்யாணப் படத்தில் கண்ணை மூடிவிட்ட மாமனாருக்குக் கண்ணைத் திறந்துவிடுவாள். செத்துப்போன அப்பாவைப் பழைய படத்திலிருந்து பெயர்த்து மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். பருவும் கருவளையமும் அவள் கை பட்டால் போன இடம் தெரியாது. அதனால் அவளுக்கு டச்சப் என்ற பெயரே நிலைத்துவிட்டது. முதலாளியிலிருந்து டீ கொண்டு வருகிறவர்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருந்தது.

நாற்பத்திரண்டாவது வயதில் அவளுக்குக் கலை பிடித்தது. பேய் பிடித்திருந்தால் ஓட்டுவதற்கு ஆள் கிடைக்கும். கலை பிடித்தால் அதற்கும் வழியில்லை. பிடிக்க வைத்தவர் ஸ்டூடியோவுக்குச் சட்டம் போட்டுத் தருகிற பிரேம்காரர். மெதுவாகப் பேசுகிற, யாரையும் 'வாங்க போங்க' என்றே அழைக்கிற மனிதர். வியாழக்கிழமை சாயங்காலங்களில் அவருடைய பட்டறையில் மரத்தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு ஏழு பேர் வட்டமாக உட்காருவார்கள். தங்களுக்கு 'அடுத்த ஆள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு கலை இயக்கம். ஒரு பத்திரிகையில் நான்கு வரி வந்திருக்கிறது. ஒரு கண்காட்சி நடத்தினார்கள், பதினான்கு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

அவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கற்பனையாக உண்டாக்க வேண்டும். பிறந்தது, படித்தது, கெட்டுப்போனது எல்லாம் யோசித்து, அந்த ஆளுடைய செருப்பு, மூக்குக்கண்ணாடி, பயணச்சீட்டு, மருந்துச் சீட்டு, கடிதங்கள் என்று ஒரு மரப்பெட்டி நிறையச் சேர்க்க வேண்டும். "நம்ம மேல ஒட்டியிருக்கிறதெல்லாம் மத்தவங்க ஒட்டினது. நாமளா செஞ்ச ஆளுதான் நமக்குச் சொந்தம்" என்பார் பிரேம்காரர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

உண்டாக்கியவரே அந்த ஆளாக நடிக்கக் கூடாது, குழுவில் இன்னொருவர்தான் அந்த ஆளைப் 'போட்டுக்கொள்ள' வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதைவிட விசித்திரமான வழக்கம் ஒன்று உண்டு. முழுப் பொய்யில் செய்த ஆள் நிற்க மாட்டான், பொத்தென்று விழுந்துவிடுவான் என்று பிரேம்காரர் நம்பினார். அதனால் உண்டாக்கியவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நிஜத்தை அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். அட்டையில் தன் கையால் எழுதி, எல்லோர் முன்னாலும் படித்து, அதற்கான சாட்சியோடு பெட்டிக்குள் போட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அது அந்த ஆளுக்குச் சொந்தம். கொடுத்தவர் அதன்மேல் உரிமை கொண்டாடக் கூடாது.

பல் டாக்டர் தன் விசிலைக் கொடுத்திருந்தார். நோயாளியின் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு பாட்டு பாட்டாக விசிலடிப்பவர், அதோடு நிறுத்திவிட்டார். ஒரு தையல்காரர் தன் பிறந்தநாளைக் கொடுத்தார். பிள்ளைகள் கேக் வாங்கி வைத்துப் பாடினபோது விருந்துக்கு வந்தவர் மாதிரி ஓரமாகக் கைதட்டிவிட்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டாராம். இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், டச்சப்பும் சிரித்தாள். விளையாட்டு என்றால் இப்படியல்லவா விளையாட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

அவள் உண்டாக்கியது ஒரு கப்பல்காரியை. சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருபது வருடம் உலகம் சுற்றிவிட்டு, காது மந்தமாகிக் கரைக்கு வந்துவிட்டவள். பெட்டி அழகாகச் சேர்ந்தது. துறைமுக முத்திரைகளை அவளே வரைந்தாள். கடைசியில் நிஜத்தைக் கொடுக்கும் வியாழக்கிழமை வந்தது. கொடுக்க அவளிடம் என்ன இருந்தது? விசில் தெரியாது, பிறந்தநாளை யாரும் கொண்டாடுவதில்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு அட்டையில் எழுதினாள்: 'ஒரு தங்கை.'

தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டவள் தங்கைதான். இவள் மாதம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவாள். கடைசி நாள் காலையில் தங்கை போன் செய்து, "அக்கா, உடனே கிளம்பி வா" என்றாள். "வேலை இருக்கு, சாயந்திரம் வர்றேன்" என்றாள் இவள். அம்மா நான்கு மணிக்குப் போய்விட்டாள். தங்கை அழவில்லை. "வேலை முடிஞ்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு சரி. போனிலும் இவளுடைய நம்பரைத் தடுத்து வைத்துவிட்டாள்.

இல்லாத தங்கையைத்தானே கொடுக்கிறோம், போனால் என்ன என்பது அவள் கணக்கு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, இது அதுதான். அட்டையைப் படித்ததும் வழக்கம்போல எல்லோரும் துருவித் துருவிக் கேட்டார்கள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு அவள் சொல்லிவிட்டாள். அன்று வேலையே இல்லை. அம்மாவின் முகத்துக்குப் பயந்துதான் போகவில்லை. உலகத்து முகத்தையெல்லாம் திருத்துகிறவளால் அந்த ஒரு முகத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்து, பூட்டிய பின்னறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த டிக்கெட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிக்கெட்டம்மா பஸ் நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கை நுழைகிற ஓட்டை வழியாகச் சீட்டுக் கொடுக்கிறாள். அவள் முகத்தை நின்று பார்த்த பயணி ஒருவரும் இருக்க மாட்டார். அவளுக்கு வீட்டிலும் யாரும் இல்லை. கப்பல்காரியைப் போட்டுக்கொள்ள அன்றைக்குக் கையைத் தூக்கினது அவள்தான்.

சாட்சிக்கு டச்சப் இரண்டு பொருள் வைத்தாள். ஒன்று, தங்கை பழைய நாளில் எழுதிய கடிதத்தின் உறை, விலாசத்தோடு. இன்னொன்று, சிறுவயதுப் படம். எட்டு வயதுத் தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, பதினான்கு வயதில் இவள் பின்னால் நின்று தோளில் கை வைத்திருப்பாள். சாட்சி கப்பல்காரிக்கல்லவா பேச வேண்டும்? ஆகவே டிக்கெட்டம்மாவின் சின்ன வயதுப் படம் ஒன்றை வாங்கி, தன்னை எடுத்துவிட்டு அவளை அந்த இடத்தில் நிறுத்தினாள். மூன்று சாயங்காலம் பிடித்தது. கையை மட்டும் எடுக்க முடியவில்லை. விரல்கள் தங்கையின் சட்டை மடிப்புக்குள் புதைந்திருந்தன, எடுத்தால் தோள் கெட்டுவிடும். கை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒட்டின இடத்தை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. "இது உங்க வாழ்நாள் வேலை" என்றார் பிரேம்காரர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை அவள் கொஞ்சம் முன்னதாகவே பட்டறைக்குப் போய்விட்டாள். கப்பல்காரியின் பெட்டி திறந்து கிடந்தது. படத்தைக் காணவில்லை. படம் இருந்த இடத்தில் ஒரு கட்டுக் கடிதம், நூல் போட்டுக் கட்டி. மேலே இருந்த உறையைப் பார்த்ததுமே நூலை அவிழ்த்தாள். வரிகள் வலது பக்கமாக மேலே ஏறிக்கொண்டே போகிற அந்தக் கையெழுத்தை அவள்தான் ஒன்றாம் வகுப்பில் கைபிடித்துப் பழக்கினாள்.

'அன்புள்ள அக்கா, நீ போனபிறகு பாப்பா இரண்டு நாள் உன் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். பெரியம்மா திரும்பக் கப்பலுக்குப் போய்விடுவாளா என்று கேட்கிறாள். போக மாட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது சரிதானே? அம்மாவின் முகத்துக்குப் பயந்தேன் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.'

அவள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். டிக்கெட்டம்மா கடைசியாக வந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள், முகம் முன்னைவிடத் தெளிந்திருந்தது.

"என் தங்கச்சி வீட்டுக்கு நீங்க போனீங்களா?"

"ஆமா. மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை போறேன்" என்றாள் டிக்கெட்டம்மா. ஒளிக்கவும் இல்லை, கூசவும் இல்லை.

"யாரைக் கேட்டுப் போனீங்க? அவ என் தங்கச்சி!"

பிரேம்காரர் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வந்தார். கோபமே இல்லாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஒரு தங்கை. உங்க கையெழுத்துதானே? கொடுத்தது கொடுத்ததுதாங்க."

"அது சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"நாங்க யாரும் விளையாடலியே" என்றார் அவர். வட்டத்தில் ஒருவரும் நிமிரவில்லை. தையல்காரர் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட்டம்மா மட்டும் அவள் பக்கத்தில் வந்தாள். "நான் கேக்கலையே, நீங்களாதானே குடுத்தீங்க? எனக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு தெரிஞ்சப்புறம் நான் எப்படிப் போகாம இருக்கிறது? உங்களால அது முடிஞ்சுது. என்னால முடியல." குரலில் இரக்கம்தான் இருந்தது. டச்சப்புக்கு அதுதான் பயமாக இருந்தது.

படி இறங்கும்போது பல் டாக்டர் பின்னால் வந்தார். "அங்க போகப் போறீங்களா? வேணாம். நானும் ஒருநாள் கதவைச் சாத்திட்டு விசிலடிச்சுப் பாத்தேன்." உதட்டைக் குவித்துக் காட்டினார். "வெறும் காத்துதாங்க வருது." சொல்லிவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களா என்று மேலே எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டம்மா போவாள். முந்திக்கொள்ள வேண்டும் என்று சனிக்கிழமை காலையிலேயே இவள் பஸ் நிலையத்துக்குப் போனாள். நான்கு கவுண்டரில் மூன்று மூடியிருந்தது. திறந்திருந்ததன் கண்ணாடியில் வெயில் விழுந்து உள்ளே யார் என்று தெரியவில்லை. பணத்தை ஓட்டையில் நீட்டி, ஊரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து இரண்டு விரல்கள் சீட்டைத் தள்ளின. தங்கையின் ஊர்தான் அச்சடித்திருந்தது. போகும் சீட்டோடு, அன்றைக்கே திரும்பி வருவதற்கும் ஒரு சீட்டு இருந்தது.

நான்கு மணிநேரப் பயணத்தில் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்தாள். ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி, என்ன இருந்தாலும் நேரில் முகத்தைப் பார்த்தால் மனசு இளகாமலா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்தது தங்கை. கொஞ்சம் பருத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்து வந்தவளுக்கு, கோபத்தைக் காணோமே என்று இருந்தது.

"வாங்க. உக்காருங்க" என்றாள் தங்கை. "தண்ணி கொண்டு வரட்டுங்களா?"

பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட வாய். டச்சப் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மனப்பாடம் செய்தது எல்லாம் கலைந்துவிட்டது.

"அவ உன் அக்கா இல்லடி. டிக்கெட் குடுக்கிறவ. கப்பலாவது ஒண்ணாவது, நான் கட்டின கதை அது."

"முதல் நாளே தெரியும்ங்க. கடிதாசி வந்தப்ப, நீங்கதான் வெக்கப்பட்டுக்கிட்டு வேற பேருல எழுதறீங்கன்னு நெனச்சேன். சந்தோஷமா பதில் போட்டேன். அப்புறம் கதவைத் திறந்தா வேற யாரோ நிக்கறாங்க." தங்கை தண்ணீர் டம்ளரை அவள் முன்னால் வைத்தாள். "போகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவங்க நேரா அம்மா படத்துக்கு முன்னாடி போய் உக்காந்து அழுதாங்க. சாயந்திரம் வரைக்கும் எழுந்திரிக்கல. மறு மாசம் ஒரு ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல்னு போன்ல சொன்னேன், விடியறதுக்குள்ள வந்து நின்னாங்க. யாரா இருந்தா என்னங்க? வந்தாங்க."

"அந்தப் பயம் என்னோடது. நான்தான் அங்க சொன்னேன். அன்னைக்கு எனக்கு வேலையே இல்ல. அம்மா முகத்தைப் பாக்கப் பயந்துக்கிட்டுதான்... எல்லாரு முகத்தையும் சரி பண்றவளால அந்த ஒரு முகத்தைச் சரி பண்ண முடியாதேன்னு..."

"கதவைப் பூட்டிக்கிட்டு கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்" என்று தங்கை முடித்தாள். "கடிதாசியிலயே இருக்குங்க. அதே வார்த்தைதான்."

டச்சப் தன் உயிரைப் பிடுங்கி எடுத்து வைத்த சொல், வேறொருத்தி போட்டுக் கழற்றிய சட்டை மாதிரி அந்த அறையில் கிடந்தது. இனி என்ன சொன்னாலும் அது பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும்.

உள்ளேயிருந்து பாப்பா ஓடி வந்தாள். ஐந்து வயது. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "இந்த ஆன்ட்டி யாரு?" என்றாள்.

"பெரியம்மாவுக்குத் தெரிஞ்சவங்க. போட்டோ வேலை பாக்கறாங்க."

போட்டோ என்றதும் குழந்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். பிரேம்காரரின் சட்டத்துக்குள் அந்தப் படம் மாட்டியிருந்தது. ஸ்டூலில் தங்கை, பின்னால் சிறுபிள்ளை டிக்கெட்டம்மா. டச்சப் தன்னையறியாமல் ஒட்டின இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. தேடினது தன்னைத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஆன்ட்டி, இந்தக் கையில ஒரு தழும்பு இருக்கு பாருங்க. ஆனா பெரியம்மா கையில அது இல்ல. எங்க போச்சுன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறாங்க." சொல்லிக்கொண்டே வந்த குழந்தை, தான் பிடித்திருந்த கையைத் திருப்பிப் பார்த்தது. "ஐ! ஆன்ட்டிக்கு அதே இடத்துல இருக்கு!"

கட்டைவிரலுக்குக் கீழே, காசு அளவுக்குச் சுருங்கின தோல். அப்போது இவளுக்குப் பதினொரு வயது. ஐந்து வயதுத் தங்கை அடுப்பு மேடையைப் பிடித்து இழுக்க, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம் சரிந்தது. இவள் பாய்ந்து கையைக் குறுக்கே கொடுத்தாள். தங்கைமேல் ஒரு சொட்டும் படவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் இவளுக்குச் சோறு ஊட்டிவிட்டவள் அந்தத் தங்கைதான், சின்னக் கையால், பாதியைச் சிந்தி. அட்டையில் இதை அவள் எழுதவில்லை. இது இன்னும் அவளுடையதுதான்.

தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். படத்தில் இருந்த கையைப் பார்த்தாள், பிறகு இந்தக் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதடு லேசாக நடுங்கியது. டச்சப்புக்கு உயிர் திரும்பின மாதிரி இருந்தது. சொல்லுடி, நீ எனக்குச் சோறு ஊட்டினதைச் சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

தங்கை ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

"ஒரு உதவி பண்ணணுங்க. பாப்பா தினமும் கேக்கறா, எனக்குப் பதில் சொல்ல முடியல. இந்தத் தழும்பை மட்டும் எடுத்துக் குடுத்துடறீங்களா?"

"என்னடி சொல்றே? அது எப்படி வந்ததுன்னு உனக்கு..."

"தெரியும்ங்க." தங்கையின் குரல் உடைந்தது, ஆனால் கை படத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. "தெரியறதுனாலதான் கேக்கறேன். நாளைக்கு அக்கா வர்றாங்க."

நான்கு வருடத்தில் தங்கை அவளிடம் கேட்கிற முதல் காரியம். இதற்கு முன்னால் கேட்டபோது வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இன்றைக்குக் கேட்பதும் அந்த வேலையைத்தான். இரண்டாவது தடவையும் மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

மேஜைமேல் படத்தை வைத்துச் சட்டத்தைப் பிரித்தாள். தூரிகைகளும் சாய வில்லைகளும் எப்போதும் பையில் இருக்கும். தண்ணீர் டம்ளரில் தூரிகையை நனைத்து, சாயத்தைத் தொட்டு, நகத்தில் தேய்த்து நிறம் பார்த்தாள். கண் கலங்கினால் கை பிசகும் என்பதால் அழவில்லை. குழந்தை மேஜை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தது. பத்து நிமிடம்தான் ஆயிற்று.

"காயற வரைக்கும் தொடாதீங்க" என்றாள், வாடிக்கையாளர்களிடம் சொல்வதைப் போல. "இனிமே தெரியாது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

தங்கை படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஆமாங்க. தெரியவே இல்ல" என்று சொல்லிவிட்டு, அதை மறுபடி அதே ஆணியில் மாட்டினாள்.